ஆவாரம்பாளையத்தில் இன்று மின்தடை

"யார் கூப்பிட்டாலும் ரெண்டு பேருக்கும் மணி அடிக்குமா?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் அடிச்சா, நீ எடுப்பேன்னு நானும் நான் எடுப்பேன்னு நீயும் சும்மா இருந்துடுவோம்," என்றான் கிரி. "அதனால யாருக்கு அடிக்கணும்னு அதுவே முடிவு பண்ணும்."

"அப்ப உங்க மேனேஜர் கூப்பிட்டா எனக்கு அனுப்பிடுமா?"

"அனுப்பட்டும். உன்கிட்ட ரெண்டு வாங்கினா அந்த ஆள் திருந்திடுவான்."

சிரித்தோம். கல்யாணமாகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது, எதற்கும் சிரிப்பு வந்தது. காந்திபுரத்தில் 'தொடர்வலை' தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகத்தில் பக்கத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் இருவர் எண்களையும் ஒன்றாக்கும் படிவத்தைத் திரையில் நிரப்பிக்கொண்டிருந்தோம். கிரி கேள்வியைப் படிக்க, நான் பதில் சொல்ல வேண்டும்.

"அடுத்தது உங்கப்பா. அவர் கூப்பிட்டா?"

"எனக்கு வேண்டாம்."

கிரியின் விரல் திரைமேல் நின்றது. "ரெண்டு கட்டம் இருக்கு கௌசி. இப்போதைக்கு வேண்டாம், எப்பவும் வேண்டாம். எது?"

"எப்பவும்."

"கொஞ்சம் யோசிச்சு..."

"பொண்ணு கல்யாணத்துக்கு வந்து, பந்தியில உக்காந்து, இலையில எல்லாம் வெச்ச பிறகு ஒரு வாய் சாப்பிடாம எந்திரிச்சுப் போனவருக்கு எந்தக் கட்டம் கிரி? நீயே சொல்லு."

நானே கையை நீட்டி அந்தக் கட்டத்தைத் தொட்டேன். பிறகு எதிரிலிருந்த பேக்கரிக்குப் போய் ஆளுக்கொரு தேங்காய் பன் சாப்பிட்டோம். பன் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கட்டத்தை மறந்தே போனேன்.

ஆறு வருடம் கழித்து அதே அலுவலகத்துக்கு, சேர்த்ததைப் பிரிக்கப் போனோம்.

நான் போகும்போது கிரி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தேன்.

"சாப்டீங்களா?" என்றான்.

"ஆச்சு. நீங்க?"

பிரிந்து எட்டு மாதமாகியிருந்தது. அவன் பீளமேட்டில் அறை எடுத்துப் போன பிறகு எங்கள் பேச்சில் இந்த 'நீங்க' வந்துவிட்டது. யாரும் சொல்லி வரவில்லை. வக்கீலிடம் போன அன்று அவன் முதலில் சொன்னான், நானும் பிடித்துக்கொண்டேன். கல்லூரிக் காலத்திலிருந்து 'நீ, வா, போ' என்று பேசியவனின் வாயில் அந்த மரியாதை, பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வரும் குரல் மாதிரி இருந்தது.

எங்கள் பிரிவைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அடித்துக்கொள்ளவில்லை, மூன்றாவது ஆள் யாருமில்லை. ஏதோ ஒரு வருடத்தில் பேச்சு வற்றிவிட்டது. அவன் ஒரு அறையில், நான் ஒரு அறையில். சாப்பிடும்போது எதிரெதிரே உட்கார்ந்து, கொத்தமல்லிச் சட்னி நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்வான். அவ்வளவுதான். இப்படியே முப்பது வருடம் போகுமோ என்று எனக்குப் பயம் வந்தது. அவனுக்கும் வந்திருந்தது என்று கேட்டபோது சொன்னான்.

கடைசியாக ஒருநாள் மனம் விட்டுப் பேசினோம். அப்போதுதான் நான் அழுதுகொண்டே, "எனக்கு யாரும் இல்ல. எங்கப்பா ஆறு வருஷமா ஒரு போன்கூடப் பண்ணல," என்றேன். கிரி அப்படியே என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். என் துக்கத்துக்குக்கூட அவனிடம் ஒரு வார்த்தையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எண்களைப் பிரிக்க வந்த அன்றைக்கு எனக்கு அவன்மேல் எரிச்சலும் இருந்தது. இந்தப் பிரிப்புக்கு மூன்று முறை தேதி வாங்கி, மூன்று முறையும் அவன்தான் தள்ளிப்போட்டான். ஒருமுறை வேலை, ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை காரணமே சொல்லவில்லை. கடைசியில் வியாழக்கிழமை பத்தரை மணிக்கு என்று அவனே ஒரு தேதியைச் சொன்னான். நான் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எதிரே சுவரில் இருந்த திரையில் கோவைச் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. மேம்பாலத்தில் பறக்கும் வண்டிகளுக்குத் தனி வழி. சிறுவாணியில் நீர்மட்டம். பராமரிப்புப் பணிக்காக இன்று காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மின்தடை செய்யப்படும் பகுதிகள்: ஆவாரம்பாளையம், கணபதி... உலகத்தில் எது மாறினாலும் இந்த மாதாந்திர ஷட்டவுன் மட்டும் மாறுவதில்லை என்று சலிப்போடு நினைத்துக்கொண்டேன். அதற்குள் எங்களைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் ஹசீனா என்று சட்டையில் குத்தியிருந்தது. மேசைமேல் ஒரு டப்பாவில் கடலை மிட்டாய் வைத்திருந்தார்.

"எடுத்துக்கங்க. சர்க்கரை எல்லாம் இல்லீங்களே? இங்க வர்றவங்க காலைல சாப்பிடாம வந்து மயக்கம் போட்டுடறாங்க, அதான் வெச்சிருக்கேன்."

ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

"செய்முறையைச் சொல்லிடறேன்," என்றார் ஹசீனா. "உங்க வாசல்ல மொத்தம் இருநூத்திப் பத்து பேர் இருக்காங்க. சொந்தம், சிநேகிதம், கேஸ்காரர், பால்காரர் எல்லாம். ஒரு ஆள் ஒரு பக்கம்தான் போக முடியும். பிரிஞ்ச ரெண்டு பேர்கிட்டயும் ஒரே ஆளோட குரல் குறிப்பு இருக்கக் கூடாதுன்னு சட்டம். ஒவ்வொரு பேரா திரையில வரும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கட்டை விரலை வெக்கணும், யாருக்குன்னு சொல்லணும். பன்னெண்டு மணிக்கு இந்த இணையெண் நின்னுடும். உங்க பழைய நம்பருங்க அவங்கவங்களுக்குத் திரும்ப வந்துடும்."

'வாசல்' என்பது அந்த நிறுவனம் வைத்த பெயர். வீட்டு வாசலில் நிற்கும் ஆள் மாதிரி, வருகிறவர் யார், உள்ளே யாரைக் கூப்பிட வேண்டும் என்று அது பார்த்துக்கொள்ளும். எங்கள் பழைய எண்களில் எதற்கு யார் கூப்பிட்டாலும் வாசலுக்குத்தான் வரும்.

"ரத்த சொந்தமெல்லாம் தானாப் பிரிஞ்சிடுங்க. அவரோட அம்மா அவருக்கு, உங்க சித்தி உங்களுக்கு. அதெல்லாம் பாக்க வேண்டியதில்ல," என்று அவர் ஒரு பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

"இல்லைங்க, எல்லாத்தையும் காட்டுங்க," என்றான் கிரி.

"நேரம் ஆகுமுங்களே."

"பரவாயில்ல. ஒவ்வொண்ணா பாக்கலாம்."

நான் அவனை முறைத்தேன். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நாற்பத்தைந்து.

ஆரம்பித்தோம். கேஸ் எனக்கு. கார் மெக்கானிக் அவனுக்கு. பல் டாக்டருக்காக இருவரும் ஒரே நேரத்தில் "எனக்கு" என்றோம். "நல்ல டாக்டர் போல," என்றார் ஹசீனா. கிரி விட்டுக்கொடுத்தான். "அவளுக்குத்தான் கடவாய்ப் பல் தொந்தரவு," என்றான். ஒவ்வொரு பெயருக்கும் எங்கள் கட்டை விரல்கள் அந்தச் சின்னத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இறங்கி எழுந்தன.

அடுத்து வந்தது பெனடிக்ட். கிரியோடு படித்தவன்.

"எனக்கு," என்றான் கிரி.

ஹசீனா புருவத்தை உயர்த்தினார். "உங்களுக்கா? இவர் கூப்பிட்டது ஐநூறு தடவை. அதுல உங்களுக்கு வந்தது மூணு. மிச்சமெல்லாம் மேடத்துக்குத்தான் போயிருக்கு."

"இருக்காதுங்க. அவன் என் சிநேகிதன்."

"வாசல் பேச்சைப் பதிவு பண்ணாதுங்க. ஆனா குரலை வெச்சு ஒரு வரி குறிச்சு வெக்கும். பாருங்க." அவர் திரையைத் திருப்பினார். *தொடக்கத்தில் அழுகை, முடிவில் அமைதி.* அதன் கீழ் மறுபடி அதே வரி. அதற்குக் கீழும். ஒன்றரை வருடத்துக்கு, ஏறக்குறைய எல்லா நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு. போகப் போகத்தான் வரி மாறியது: *தொடக்கத்தில் சோர்வு, முடிவில் சிரிப்பு.*

கிரி என் பக்கம் திரும்பினான். "அவன் குடிச்சிட்டு இருந்தப்பவா?"

"ஆமா. அவன் வைஃப் போன பிறகு. ஆறு மணிக்குக் கடைப்பக்கம் கால் போறப்ப கூப்பிடுவான். பேசிட்டே இருந்தா வீட்டுக்குப் போயிடுவான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"யார் யார் கூப்பிட்டாங்கன்னு வாசல்ல இருந்து வாரா வாரம் சுருக்கம் வருமே. படிச்சிருப்பீங்க, அதைப் பத்திப் பேசக் கஷ்டமா இருக்கும், அதான் கேக்கலைன்னு இருந்தேன்."

"அந்தச் சுருக்கத்தை யார் படிக்கறா?" என்றான் கிரி. அவன் குரல் உடைந்திருந்தது. "அவன் தானாத் திருந்தினான்னு நான் நாலு பேர்கிட்ட சொல்லிட்டிருந்தேன் கௌசி. அவன்கூட எங்கிட்ட சொல்லல."

"நீ... நீங்க படிப்பீங்கன்னு அவனும் நெனச்சிருப்பான்."

ஹசீனா கடலை மிட்டாய் டப்பாவை எங்கள் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு சொல்லட்டுங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது. இங்க வர்ற ஜோடியில பாதிக்கு மேல சண்டைக்காரங்க இல்லீங்க. உங்களை மாதிரி அமைதியானவங்கதான்."

"ஏன் அப்படி?"

"வாசல் நல்ல எண்ணத்துலதான் செய்யுது. ஒரு கஷ்டம் கூப்பிட்டா, இந்த வீட்ல இப்ப யாருக்குத் தெம்பு இருக்குன்னு பாக்கும். அவங்களுக்கு மட்டும் அடிக்கும். மத்தவங்க நிம்மதியா இருப்பாங்க. முன்னாடியெல்லாம் போனை வெச்சதும் 'யாரு, என்னவாம்?'னு பக்கத்துல இருக்கறவங்க கேப்பாங்க. அந்தக் கேள்விதானுங்க பாதிக் குடும்பம். இப்ப ரெண்டு பேரும் காதுக்குள்ள மாட்டிக்கிட்டு, அவங்கவங்க பாரத்தை அவங்கவங்க ரூம்ல இறக்கிட்டு வந்துடறாங்க. பேசறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

எங்கள் வீட்டின் அந்த வற்றிப்போன வருடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அது பெனடிக்டின் வருடம். ஆறு மணிக்கு நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். உள்ளே வரும்போது களைத்திருப்பேன். கிரி எதுவும் கேட்க மாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவளிடம் கேட்கக் கூடாது என்று அவன் இருந்திருப்பான்.

"தேங்க்ஸ் கௌசி," என்றான் கிரி மெதுவாக. "ரொம்பப் பெரிய தேங்க்ஸ். அவன் இன்னைக்கு உயிரோட இருக்கறது உன்னாலதான்." 'நீங்க' எங்கோ விழுந்துவிட்டிருந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"அவன் உனக்கே இருக்கட்டும்," என்றேன். விரல் வைத்தோம்.

மணி பத்து ஐம்பத்தைந்து. கிரி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். "அடுத்தது 'ந' வரிசைக்குப் போயிடுங்களேன்," என்றான் ஹசீனாவிடம். "நாச்சிமுத்து."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "அது எங்கப்பா பேரு," என்றேன். "அவர் எதுக்கு? அவர்தான் கூப்பிடறதே இல்லையே."

ஹசீனா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எழுபது தடவை கூப்பிட்டிருக்கார் மேடம்," என்றார்.

என் கையிலிருந்த கடலை மிட்டாய் மேசைமேல் விழுந்தது.

"எல்லாம் சாருக்குப் போயிருக்கு. ஒண்ணுகூட உங்களுக்கு வரல. நீங்க 'எப்பவும் வேண்டாம்' கொடுத்திருக்கீங்க."

"அது... அது கல்யாணமான புதுசுல. ஆறு வருஷம் ஆச்சு. அதை மாத்தாதா இது?"

"நீங்க சொல்லாம மாத்தாதுங்க. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை கேக்கும், 'உங்கள் பழைய விருப்பங்கள் அப்படியே தொடரட்டுமா'ன்னு. நீங்க 'சரி' அழுத்தியிருக்கீங்க. ஆறு வருஷமும்."

அழுத்தியிருப்பேன். எதைப் படித்து அழுத்தினோம்? பஸ்ஸில் நின்றுகொண்டு, விடைத்தாள் திருத்திக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குகிறதே என்று கட்டை விரலால் தள்ளிவிட்ட எத்தனையோ 'சரி'களில் அதுவும் ஒன்று. ஒவ்வொரு வருடமும் என் அப்பாவின் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு, அவர் வரவே இல்லை என்று நான் அழுதிருக்கிறேன்.

"இன்னொண்ணும் சொல்லணுங்க," என்றார் ஹசீனா. "ரத்த சொந்தம், அதனால இவர் உங்க பக்கம்தான் வருவார். உங்க விருப்பமும் கூடவே வரும். இதுவரைக்கும் மறுபக்கம் எடுக்க சார் இருந்தார். பன்னெண்டு மணிக்கு அப்புறம் அவர் கூப்பிட்டா, 'உங்கள் அழைப்பு ஏற்கப்படாது'ன்னு சொல்லிடும்."

நான் கிரியைப் பார்த்தேன். "எழுபது தடவை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ."

"உனக்குத் தெரியும், நீயே வேண்டாம்னு இருக்கேன்னுதான் நெனச்சேன் கௌசி. சுருக்கத்துல வருமில்ல, நீ படிப்பேன்னு. நீ செஞ்ச அதே தப்பு." கிரி மூச்சு வாங்கினான். "அன்னைக்கு நீ அழுதப்பதான், உனக்குத் தெரியவே தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சது."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். 'நான் கூப்பிடறதை அவகிட்ட சொல்லிப் பேச வெக்காதீங்க மாப்ள. சொல்லி வர்ற பேச்சு எனக்கு வேண்டாம். அவளுக்கா தோணட்டும்'னார். ஆறு வருஷமும் அதையேதான் சொன்னார்."

"என்ன பேசுவார்?" என்று கேட்டேன்.

"முதல் தடவை உன் பழைய நம்பருக்குத்தான் போட்டார். எடுத்ததும் 'கௌசி'ன்னார். 'நான் கிரி, மாமா'ன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. வெச்சுட்டார்னே நெனச்சேன். அப்புறம், 'ஏனுங் மாப்ள, உங்க வீட்ல மிக்சி நல்லா ஓடுதுங்களா?'ன்னு கேட்டார்."

ஹசீனா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. ஆவாரம்பாளையத்தில் நாற்பது வருடமாக எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுக்கிற மனிதர் வேறு எதைக் கேட்பார்?

"நம்ம மிக்சி ரெண்டு தடவை சர்வீசுக்குப் போச்சு, ஞாபகம் இருக்கா?" என்றான் கிரி.

"ஆமா. வந்தப்ப புதுசு மாதிரி... சத்தமே இல்லாம..." நிறுத்திவிட்டேன்.

"அவர்தான் சுத்திக் கொடுத்தார். கடைக்குக் கொண்டுபோனேன். ரெண்டாவது தடவை ஒரு வாரம் வெச்சுக்கிட்டார். 'ஒசந்த செம்புக் கம்பி போட்டிருக்கேன், அவ பேத்திக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் ஓடும்'னார்."

வீட்டைப் பிரித்தபோது நான் எடுத்துக்கொண்ட சில பொருள்களில் அந்த மிக்சியும் ஒன்று. அன்று காலைகூட அதில்தான் சட்னி அரைத்தேன். அம்மா இறந்த பிறகு, நான் கல்லூரிக்குப் போகும் முன் அப்பா அதிகாலையில் எழுந்து எனக்குச் சட்னி அரைத்து வைப்பார். இந்த ஆறு வருடமும் அவர் கை என் சமையலறையில் தினம் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

"ஏன் சாப்பிடாம போனாராம்? அதைக் கேட்டியா?"

"கேட்டேன். நம்ம விஷயத்தை உங்க சித்தி சொல்லித்தான் அவருக்குத் தெரிஞ்சது. நீ நேரா சொல்லலைன்னு அந்தக் கோபத்துல, 'அவ கல்யாணத்துல ஒரு வாய் சோறு திங்க மாட்டேன்'னு சித்திகிட்ட சொல்லிட்டார். பந்தியில உக்காந்த பிறகுதான் அது ஞாபகம் வந்துச்சாம். கை வெக்க முடியலையாம். எந்திரிச்சு வெளிய போய், நாம கார்ல ஏறற வரைக்கும் மண்டபத்துக்கு எதிர்ல நின்னுட்டுத்தான் போயிருக்கார்."

அப்பா அப்படித்தான். புதன்கிழமை மோட்டார் தருகிறேன் என்று சொல்லிவிட்டால், நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலிலும் உட்கார்ந்து சுற்றுவார். சொன்ன சொல் அவருக்குக் கம்பி மாதிரி. கோபத்தில் சொன்னதையும் அதே இறுக்கத்தோடு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"எல்லா அழைப்பும் காலைல பதினோரு மணி வாக்குல," என்றார் ஹசீனா திரையைப் பார்த்தபடி. "மாசம் ஒண்ணு. ஆனா தேதிதான் ஒண்ணுக்கொண்ணு ஒட்டல. ஒரு மாசம் ஒன்பதாம் தேதி, ஒரு மாசம் பதினாறு, ஒரு மாசம் பன்னெண்டு..."

அவர் சொல்லிக்கொண்டே போக, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காயில் கடையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தத் தேதிகள் புரியாமலா போகும்? கரண்ட் இருக்கும் நாளில் அப்பா தலை நிமிர மாட்டார். மாதத்தில் ஒரே நாள்தான் அவர் கை சும்மா இருக்கும். ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். கடையைக் கூட்டுவார், கம்பிச் சுருள்களை அடுக்குவார், பதினோரு மணிக்கு டீ குடிப்பார். பிறகு செய்ய ஒன்றுமிருக்காது.

ஷட்டவுன் நாள்.

வெளியே காத்திருந்தபோது சுவரில் ஓடிய செய்தி நினைவுக்கு வந்தது. மூன்று முறை தள்ளிப்போன தேதி நினைவுக்கு வந்தது. காரணமே சொல்லாமல், 'வியாழன் பத்தரை' என்று அவனாகச் சொன்ன இந்தத் தேதி.

"கிரி," என்றேன். "நீ வேணும்னுதானே இன்னைக்கு..."

"நான் உங்கிட்ட ஒண்ணும் சொல்லல," என்றான் கிரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "எல்லாப் பேரையும் காட்டச் சொன்னேன், அவங்க காட்டினாங்க. வாக்கை மீறல."

அந்த நிமிடத்தில் அவன்மேல் எனக்கு வந்த உணர்வுக்கு இன்றுவரை பெயர் வைக்கவில்லை. காதல் என்று சொல்லிவிடலாம், ஆனால் அதைவிடப் பழையது. தண்ணீர் கேட்காமலே யாரோ செம்பைக் கையில் கொடுத்தால் வருமே, அது. ஆறு வருடம் என் அப்பா அநாதையாகாமல் பார்த்துக்கொண்டவன் பக்கத்து நாற்காலியில், கசங்கிய சட்டையோடு, குற்றம் செய்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"எங்கப்பா முகமே எனக்குத் தெரியாது கௌசி. அது உனக்கே தெரியும்," என்றான். "ஷட்டவுன் என்னைக்குன்னு பாக்கறது எனக்கு ஒரு பழக்கமாயிடுச்சு. அன்னைக்கு மீட்டிங் வெச்சுக்க மாட்டேன். உனக்கு உங்கப்பாவைக் கொடுத்துட்டேன்னு நெனைக்காதே. நான் இத்தனை நாள் கடனா வாங்கி வெச்சிருந்தேன், அவ்வளவுதான்."

"இரு, அழ வெக்காதே," என்றேன்.

"நாம பிரிஞ்சதை அவர்கிட்ட நான் சொல்லல. இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் வைக்கறதுக்கு முன்னாடி, 'ஒண்ணு கேக்கணும் மாப்ள'ம்பார். கேளுங்க மாமாம்பேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, 'சரி, அடுத்த ஷட்டவுனுக்குக் கேட்டுக்கறேன்'னு வெச்சுடுவார். எழுபது தடவையும். அது என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

ஹசீனாவின் மேசையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

"வந்துட்டார்," என்றார் அவர், வீட்டு விருந்தாளியைச் சொல்வது மாதிரி. "நாச்சிமுத்து. லைன்ல இருக்கார். வழக்கம்போல சாருக்குத்தான் போகுது."

கிரியின் போன் அவன் சட்டைப் பையில் அதிர்ந்தது. அவன் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"விருப்பத்தை எங்க மாத்தணும்?" என்றேன்.

"இங்கதாங்க. உங்க விரல் மட்டும் போதும்."

ஆறு வருடத்துக்கு முன் தொட்ட அதே கட்டம். வைத்தேன். கிரியின் பையில் அதிர்வு நின்று, என் கையில் மணி அடித்தது.

"மாப்ளைங்," என்றது குரல். கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஆனால் அதே குரல். "இன்னைக்கு ஒம்போதுக்கு முன்னாடியே புடுங்கிட்டானுங்க கரண்ட்டை. ஒரு அரை ஹெச்பி மோட்டார் பாதியில நிக்குது. நம்மூட்டுல எல்லாம் சௌக்கியமுங்களா? கௌசிக்கு அந்தப் பல்லு வலி தேவலீங்களா?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மாப்ள? கேக்குதுங்களா? லைன் கொர்ருங்குது..."

"மிக்சி நல்லா ஓடுதுப்பா," என்றேன்.

ஷட்டவுன் நாளின் கடையில் எந்தச் சத்தமும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு டப்பாவை மெதுவாகக் கீழே வைக்கும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு ஸ்டூல் நகரும் ஒலி. உட்கார்ந்திருப்பார்.

"ஓடும்," என்றார் கடைசியில். "ஓடாம என்ன. நல்ல கம்பி போட்டிருக்கேன்."

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"நான்தாம்ப்பா வேண்டாம்னு வெச்சிருந்தேன். கோவத்துல. அப்புறம் மறந்துட்டேன். நீங்க கூப்பிட்டது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"நானும் அப்படித்தான் கண்ணு. கோவத்துல ஒண்ணைச் சொல்லிப்போட்டேன். ஆனா எனக்கு மறக்கல," என்றார். "போகட்டும் உடு. மாப்ள நல்ல மனுசன். எத்தனையோ வேலைய உட்டுட்டு எங்கிட்ட பேசுவார். அவருக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

"நானும்ப்பா," என்று கிரியைப் பார்த்துச் சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹசீனா நீட்டிய டப்பாவிலிருந்து எதுவும் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் முன்னால் திரையில் அப்பாவின் பெயர் இன்னும் காத்திருந்தது. கீழே இரண்டு கட்டை விரலுக்கான இரண்டு வட்டங்கள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "கண்ணு... ஒண்ணு கேக்கணும்." பிறகு உடனே, "சரி, ஒண்ணுமில்ல, அடுத்த ஷட்ட..."

"அடுத்த ஷட்டவுனுக்கெல்லாம் வேண்டாம்ப்பா. இப்பக் கேளுங்க."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. கம்பியைக் கடைசிச் சுற்று இழுத்து முடிச்சுப் போடும் முன் அவர் விடுவாரே, அதே மூச்சு.

"ஒரு நாளைக்கு நான் வரட்டுமா? மாப்ளையப் பக்கத்துல உக்கார வெச்சு, எனக்கும் ஒரு இலை போடுவியா கண்ணு?"